கொம்பைக் காத்து விலங்கைத் தொலைத்த கதை

விளம்பர நிறுவனம் ஒன்றில் பதினோரு வருடம் பார்த்த வேலையை நான் விட்டபோது, குடும்பத்தில் ஒருவரும் "ஏன் விட்டாய்?" என்று கேட்கவில்லை. "இவளுக்கு என்ன கொம்பா முளைச்சிருக்கு?" என்றுதான் கேட்டார்கள். அதையும் என்னிடம் கேட்கவில்லை, அம்மாவிடம் கேட்டார்கள். அம்மா அதை ஓர் எழுத்து சிந்தாமல் சிங்கப்பூரின் செம்பவாங் வட்டாரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

இனி சொந்தமாக வரைகலை வேலை செய்யப்போகிறேன், ஃப்ரீலான்ஸ் என்று எல்லோருக்கும் விளக்கினேன். அந்தச் சொல்லில் 'ஃப்ரீ' மட்டும்தான் சொந்தக்காரர்கள் காதில் விழுந்தது. ஒரே மாதத்தில் இரண்டு பிறந்தநாள் பதாகை, ஒரு வளைகாப்பு அழைப்பிதழ், பெரியப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு ஒரு வீடியோ என்று வேலை குவிந்தது. எல்லாமே "ஒரு சின்ன வேலைதாம்மா, உனக்கு அஞ்சு நிமிஷம்" ரகம்.

குவீன்ஸ்டவுனில் இருக்கும் சித்தி, தன் பேரனின் காதுகுத்துக்கு அழைப்பிதழ் கேட்டார். நான் வெள்ளைப் பின்னணியில் ஒரு சின்னக் காதும் ஒரு பொன்நிறப் புள்ளியும் வைத்து அனுப்பினேன். என் மனசுக்கு ரொம்பப் பிடித்த வேலை அது. "நல்லாத்தான் இருக்கு, ஆனா கொஞ்சம் மங்களகரமா இல்லையே" என்றார் சித்தி. சிவப்பு சேர்த்தேன். இன்னும் மங்களகரம் வரவில்லை. மஞ்சள் சேர்த்தேன், குத்துவிளக்கு சேர்த்தேன், பூரண கும்பம், வாழைமரம், இரண்டு பக்கமும் யானை. ஏழாவது திருத்தத்தில் குழந்தையின் பெயர் ஒரு யானையின் காலடியில் காணாமல் போனது. யாரும் கவனிக்கவில்லை, மங்களகரமாக இருந்தது என்று எல்லோரும் பாராட்டினார்கள்.

இதை எல்லாம் பார்த்த சித்திக்கே என்மேல் இரக்கம் வந்துவிட்டது. தனக்குத் தெரிந்த ஓர் அலுவலகத்தில் எனக்கு ஒரு வேலை பேசி வைத்தார். மேலதிகாரிகள் பேசப்போகும் கூட்டங்களுக்கு ஸ்லைடு செய்து கொடுக்கும் வேலை. "சிபிஎஃப் சேமநிதி இருக்கு, மெடிக்கல் இருக்கு, உக்கார சொந்தமா ஒரு நாற்காலி இருக்கு, இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார். அந்த ஸ்லைடுகளை நான் அறிவேன். ஒரு பக்கத்தில் பதினாறு அம்புக்குறிகள் இருக்கும், பதினேழாவது எங்கே என்று ஒருவர் கேட்பார். அதற்குத்தான் பயந்து நான் வெளியே வந்திருந்தேன்.

அம்மாவும் நானும் சமையலறையில் வைத்து ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். தீபாவளி வரைக்கும் கெடு. அதற்குள் சொந்தக்காரர் அல்லாத ஒருவரிடமிருந்து ஒரு பெரிய வேலை வந்துவிட்டால் நான் என் வழியில் போகலாம். வராவிட்டால் தீபாவளி முடிந்த திங்கட்கிழமை சித்தி சொன்ன நாற்காலியில் போய் உட்கார வேண்டும். அப்போது ஆகஸ்ட் மாதம். நாட்காட்டியில் தீபாவளியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன்.

தொழிலைச் சந்தைப்படுத்துவது எப்படி என்று இணையத்தில் இலவச வகுப்பு ஒன்று கிடைத்தது. காதில் பெரிய ஹெட்ஃபோன் மாட்டிய ஒருவர் அமெரிக்காவிலிருந்து பாடம் நடத்தினார். லிஃப்டில் பக்கத்தில் நிற்கும் ஆளிடம், அவர் இறங்குவதற்குள், நீங்கள் யார், என்ன செய்கிறீர்கள் என்று சொல்லி முடிக்கத் தெரிய வேண்டும் என்பது முதல் பாடம். அவர் உவமையாகச் சொன்னாரோ என்னவோ, நான் நிஜமாகவே எங்கள் அடுக்குமாடி புளோக்கின் லிஃப்டில் தொடங்கிவிட்டேன். பன்னிரண்டாவது மாடியிலிருந்து தரைக்கு வருவதற்குள் சொல்லி முடிக்க வேண்டும். எதிர்வீட்டுச் சீனப் பாட்டி சந்தைத் தள்ளுவண்டியோடு ஏறினார். நான் மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "யூ செல்லிங் இன்ஷூரன்ஸ் ஆ?" என்றார்.

"நோ ஆன்ட்டி. டிசைன்."

"ஓ, டிசைன்!" என்று அவர் முகம் மலர்ந்தது. ஐந்தாவது மாடி தாண்டும்போது தன் சமையலறை அலமாரிக் கதவு சரியாக மூடுவதில்லை என்று சொல்ல ஆரம்பித்தார். தரைத்தளம் வந்தபோது நான் வந்து அளவெடுப்பதாக முடிவாகியிருந்தது. அதன்பின் இரண்டு வாரம் மாடிப்படியில்தான் இறங்கினேன்.

இரண்டாவது பாடம் கொஞ்சம் உருப்படியாக இருந்தது. எல்லோருக்கும் எல்லாம் செய்கிறேன் என்று நிற்காதே, உனக்கு மட்டுமே வரும் ஒன்றைப் பிடித்துக்கொள் என்றார் ஹெட்ஃபோன்காரர். எனக்கு மட்டுமே வருவது என்ன என்று நாலு நாள் யோசித்தேன். முழங்கால் வலித்ததால் ஐந்தாம் நாள் மறுபடி லிஃப்டில் ஏறினேன். சுவரில் புதிதாக ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. நான்கு மொழி, வழக்கம்போலத் தமிழ் கடைசி. அதிலே 'தொடாதீர்கள்' என்ற சொல்லின் கொம்பு, 'த'வுக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நின்றுகொண்டிருந்தது. அடுத்த வரியில் இன்னும் மூன்று கொம்புகள் அப்படியே இடம் மாறி, பார்க்கிங் கிடைக்காத கார்கள் மாதிரி வரிசைக்கு நடுவில் நின்றன.

தமிழ் படிப்பவர்களுக்கு இது பழகிய வேதனைதான். தமிழ் தெரியாத ஒருவர், தமிழுக்குத் தயார் செய்யாத மென்பொருளில் எழுத்தை ஒட்டினால் கொம்பு தானாகப் பின்னால் நழுவிவிடும். ஒட்டியவருக்கு அது தெரியாது. நமக்குத் தெரியும், பல்லைக் கடித்துக்கொண்டு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுச் சிரிப்போம். எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை, கோபம் வந்தது. கோபத்தோடு யோசனையும் வந்தது. கொம்பு முளைத்தவள் என்றார்கள் அல்லவா? சரி, கொம்பையே தொழிலாக்கிக்கொள்கிறேன் என்று முடிவு செய்தேன். தமிழ் உடையாமல் வடிவமைக்கத் தெரிந்தவள் என்பதே இனி என் அடையாளம்.

முதலில் ஒரு நேம் கார்டு வேண்டும். மஞ்சள் நிறத்தில், பெரிய எழுத்தில், ஒரே வரி: "தமிழ் வடிவமைப்பு, பிழையின்றி." அந்த எழுத்துகளை நான் எந்த எழுத்துருவிலிருந்தும் எடுக்கவில்லை. நானே வரைந்தேன். 'வ'வின் முன்னால் வரும் கொம்புக்கு மட்டும் இரண்டு நாள் செலவழித்தேன். அப்படி ஓர் எடுப்பான கொம்பை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, 'வடிவமைப்பு' என்ற சொல்லில் கொம்பு ஏது என்று யோசிக்கிறீர்கள் அல்லவா? 'மை' என்ற எழுத்தின் முன்னால் இரட்டைச் சுழியோடு நிற்கிறதே, அதைத்தான் சொல்கிறேன். சட்டென்று 'வ' என்று சொல்லிவிட்டேன். என் பிழைகள் இப்படித்தான், நான் பெருமைப்படும் இடத்துக்குப் பக்கத்திலேயே வந்து உட்காரும். 'ழை'யிலும் அதே போல ஒன்று உண்டு. இரண்டையும் இழைத்து இழைத்து வரைந்தேன்.

அடுத்தது 'யி'. அந்த எழுத்தின் மேலே போகும் வளைவை அடுத்த எழுத்தின் தலைக்குமேல் குடைபோல இழுத்துவிட்டேன். பார்க்க அழகாக இருந்தது, ஆனால் பக்கத்திலிருந்த 'ன்'னின் புள்ளிமேல் இடித்தது. அதனால் வளைவை மட்டும் கணினியில் தனி அடுக்காக, ஒரு லேயரில் வைத்து, புள்ளி சரியான உயரத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக அந்த லேயரைக் கொஞ்சநேரம் மறைத்தேன். புள்ளி கச்சிதமாக இருந்தது. மகிழ்ச்சியில் கோப்பைச் சேமித்து அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன்.

அச்சக அங்கிள் சீனர். தமிழில் ஓர் எழுத்து தெரியாது. அவர்தான் போன் செய்து, "கன்ஃபர்ம் ஆ? பிரிண்ட் ஆல்ரெடி கெனாட் சேஞ்ச் ஆ" என்று கேட்டார். காகிதத்தின் தடிமன் சரி, மஞ்சள் சரி, விளிம்பு சரி, கொம்பு பிரமாதம். "கன்ஃபர்ம்" என்றேன்.

ஐந்நூறு கார்டை எடுத்துக்கொண்டு லிட்டில் இந்தியாவில் மூன்று நாள் அலைந்தேன். புடவைக் கடை, பாத்திரக் கடை, தையற்கடை, ஃபேரர் பார்க் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைகள் என்று ஒன்று விடவில்லை. கார்டைக் கையில் வாங்கிய எல்லோரும் சிரித்தார்கள். நல்ல வடிவமைப்பு முதலில் ஒரு புன்னகையை வரவழைக்கும் என்று ஹெட்ஃபோன்காரர் சொல்லியிருந்ததால் எனக்குத் தலைகால் புரியவில்லை. பூக்கடைக்கார அக்கா இரண்டு தடவை வாசித்துவிட்டு, "உள்ளத உள்ளபடி போட்டுட்டீங்க" என்றார். சாப்பாட்டுக் கடைக் கல்லாவில் இருந்தவர், "தைரியம்தான் உங்களுக்கு" என்றார். அவருக்கு நன்றி சொல்லி இன்னும் நாலு கார்டு கொடுத்துவிட்டு வந்தேன்.

தீபாவளிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது ஒரு போன் வந்தது. ஃபேரர் பார்க்கில் மசாலாக் கடை வைத்திருக்கும் பாய். அவருடைய வாப்பா காலத்திலிருந்து அரைத்து, எடைபோட்டு, காகிதப் பையில் விற்றுவந்த கடை. இப்போது பாக்கெட்டில் போட்டு சூப்பர் மார்க்கெட்டுகளுக்குத் தரப்போகிறாராம். மொத்தம் எட்டு வகை, ஒவ்வொன்றிலும் நாலு மொழி. "பக்கத்துக் கடையில உங்க கார்டப் பாத்தேம்மா, ஒருதரம் வந்து பேசுறீங்களா?" என்றார்.

எட்டு பாக்கெட் என்றால் ஒரு வருட வேலை. சொந்தக்காரரும் இல்லை. உடன்பாட்டின் எல்லா ஷரத்துக்கும் பொருந்தினார் பாய். அம்மா சாமி படத்துக்கு முன்னால் விளக்கேற்றினார். எனக்காக ஏற்றினாரா, சித்தியின் வேலை கைநழுவிப் போகிறதே என்று ஏற்றினாரா என்று நான் கேட்கவில்லை.

வியாழக்கிழமை காலை, இருப்பதிலேயே நல்ல சுடிதாரைப் போட்டுக்கொண்டு ரயில் ஏறினேன். பீஷான் நிலையம் வரும்போது அம்மாவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. அம்மா ஒரு தமிழ் ஆர்வலர் வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், டாக்சி ஓட்டுநர்கள், வானொலி நேயர்கள் என்று இருநூறு பேர். அவர்களுக்குக் காலையில் வணக்கம் சொல்வது ஒரு வேலை, அறிவிப்புப் பலகைகளில் தமிழ்ப் பிழை பிடிப்பது மற்றொரு வேலை. அந்தக் குழுவில் வந்த படத்தைத்தான் அம்மா எனக்குத் தள்ளிவிட்டிருந்தார். யாரோ ஒருவரின் கையில் என் மஞ்சள் கார்டு. ஓர் எழுத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.

"தமிழ் வடிவமைப்பு, பிழையன்றி."

மறைத்த லேயரை நான் திரும்ப எடுக்கவே இல்லை. 'யி' வெறும் 'ய' ஆகி நின்றது. பிழையின்றி என்றால் பிழை இல்லாமல். பிழையன்றி என்றால் பிழையைத் தவிர. படத்துக்குக் கீழே ஒருவர், "பிழையன்றி வேறென்ன கிடைக்கும் என்று கேட்டுச் சொல்லுங்கள்" என்று எழுதியிருந்தார். இன்னொருவர், "நேர்மையான விளம்பரம்" என்றார். அதற்குக் கீழே சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விடும் முகங்கள் வரிசையாக. அந்த மேல் வளைவுக்குப் பள்ளியில் மேல்விலங்கு என்று பெயர் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கொம்பைக் காப்பாற்றுவதிலேயே கண்ணாக இருந்தவள், விலங்கு ஓடிப்போனதைப் பார்க்கவில்லை.

எல்லாவற்றுக்கும் அடியில் அம்மாவின் வரி இருந்தது: "இது உன் கார்டுதானே? என் பொண்ணுதுன்னு நான் யார்கிட்டயும் சொல்லல."

சிரித்தவர்கள் யார் யாரோ. அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை, அவர்கள் இடத்தில் நான் இருந்தால் இன்னும் நாலு முகம் சேர்த்துப் போட்டிருப்பேன். அம்மா எழுதிய அந்த ஒரு வரிதான் நெஞ்சில் தைத்தது. டோபி காட் நிலையத்தில் வண்டி மாறும்போது, எதிர்ப்பக்கம் ஏறி வீட்டுக்கே போய்விடலாமா என்று நின்றேன். திங்கட்கிழமை நாற்காலி கண்முன்னால் வந்தது. அந்தப் பயத்தில்தான் ஃபேரர் பார்க் வண்டியில் ஏறினேன், தைரியத்தில் இல்லை.

பாய்க்கு அறுபது வயது இருக்கும். கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை, அதிலே மேஜை, மேஜையின் கண்ணாடிக்கு அடியில் என் கார்டு. மஞ்சள் நிறம் அந்த அறைக்கே வெளிச்சமாக இருந்தது, பாழாய்ப்போன நிறம்.

"வாங்கம்மா, உக்காருங்க. ஒரு தே ஹாலியா சொல்லவா?" என்றார். பிறகு கார்டைத் தொட்டுக் காட்டி, "இந்தக் கலரத்தான் முதல்ல பாத்தேன். நம்ம மஞ்சத்தூள் அப்படியே இருக்கு லா. யார் செஞ்சதோ அவங்களப் புடின்னு சொல்லிட்டேன்" என்றார்.

அவர் கவனித்திருக்கவில்லை. அது எனக்கு மெல்லத்தான் உறைத்தது. நிறத்தைப் பார்த்தவர் எழுத்தைப் பார்க்கவில்லை. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், வேலை என்னுடையது. இஞ்சித் தேநீர் வந்தது. அதை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டு வாயை மூடியே வைத்திருந்தேன். அவர் தன் போனைத் திறந்து, பாக்கெட்டின் பின்புறம் போடவேண்டிய சமையல் குறிப்பைக் காட்டினார்.

"நான் படிச்சது இங்கிலீஷ் ஸ்கூல். தமிழ் பேசுவேன், வாசிக்க வேகம் வராது. எழுதறது சுத்தம். இப்ப போன்ல வாயால சொன்னா அதுவே எழுதிடுதே, அப்படித்தான் இத ரெடி பண்ணேன். நீங்க பாத்து சரின்னு சொன்னா சரி. நான் திருப்பிப் பாக்கவே மாட்டேன், அப்படியே அச்சுக்கு அனுப்பிடலாம்."

திருப்பிப் பார்க்க மாட்டேன் என்று ஒருவர் சொல்லும்போது பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை. நல்லவள் என்பதால் அல்ல. இந்த ஆள் வாழ்நாள் முழுக்க அந்தக் கார்டை மேஜையில் வைத்திருப்பார், என்றைக்காவது ஒரு வாடிக்கையாளர் சொல்லித் தெரிந்துகொள்வார் என்ற நினைப்பே உடம்பைக் கூசவைத்தது.

"பாய், அந்தக் கார்டுல தப்பு இருக்கு" என்றேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை ஒவ்வோர் எழுத்தாக நகர்த்தி வாசித்தார். "பிழை... யன்... றி." நிறுத்தினார். இன்னொரு தடவை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"தப்பில்லாம செஞ்சு தர்றேன்னு போட்ட இடத்துலயே தப்பா?"

"ஆமா பாய்."

"ஒங்களோட சொந்தக் கார்டுல."

"ஆமா பாய்."

"அப்ப என் பாக்கெட்ட நான் எப்படிம்மா நம்பிக் குடுக்கறது?" அவர் கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே பதில் தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

பழைய அலுவலகத்தில் பக்கத்து மேஜையில் ஒருத்தி இருந்தாள். நான் செய்த எதையும் போகிற போக்கில் எட்டிப் பார்த்து, "ஏய், இது என்ன?" என்று கத்துவாள். அவளை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. பதினோரு வருடம் என் மானத்தைக் காப்பாற்றியவள் அவள்தான் என்பது அந்த மசாலாக் கடைப் பின்னறையில் உட்கார்ந்திருந்தபோதுதான் புரிந்தது. தனியாகத் தொழில் செய்பவளுக்குப் பக்கத்து மேஜை கிடையாது.

அப்போது என் கைப்பையில் போன் மறுபடி அதிர்ந்தது. பிறகு இன்னொரு முறை. குழுவில் இன்னும் சிரித்து முடியவில்லை போலிருக்கிறது. இருநூறு பேர், வேறு வேலை இல்லை, ஒரு விலங்கு ஓடினால் பிடித்துவிடுகிறார்கள். நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"பாய், அந்தச் சமையல் குறிப்ப எனக்கு அனுப்புங்க. மீன் மசாலா மட்டும் போதும். ஒரு பத்து நிமிஷம் குடுங்க."

"மசாலா அளவு இருக்கற பக்கம் கெடையாது. அத யார்கிட்டயும் காட்டக்கூடாது" என்று சொல்லிக்கொண்டே, செய்முறைப் பக்கத்தை மட்டும் அனுப்பினார்.

முதலில் நானே வாசித்துப் பிழைகளைக் குறித்துக்கொண்டேன். ஒன்பது வந்தது. போனின் காதில் விழுந்த தமிழ் அது. தலைப்பிலேயே 'மீன் கறி' என்பது 'மீன் கரி' ஆகியிருந்தது. பிறகு அம்மாவைக் கூப்பிட்டேன்.

"அம்மா, ஒரு படம் அனுப்பியிருக்கேன். அத உங்க குரூப்ல போடுங்க. இதுல ஒரு பிழையும் இல்லைன்னு எழுதிப் போடுங்க."

"இப்பவா? அங்க இன்னும் ஒன் கார்ட வெச்சு சிரிச்சுக்கிட்டு இருக்காங்க."

"அவங்கதாம்மா வேணும்."

"பிழை இல்லையா இதுல?"

"நிறைய இருக்கு."

"அப்ப பொய் சொல்லணுமா?"

"ஆமா. வேலை போற மாதிரி இருக்கும்மா. போடுங்க."

அம்மா போனை வைத்துவிட்டார். ஒரு நிமிடம் ஆனது. இரண்டு நிமிடம் ஆனது. பாய் விரலால் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு அம்மா குழுவில் வந்ததை எல்லாம் எனக்குத் தள்ள ஆரம்பித்தார். முதலில் வந்தது அம்மாவே போட்ட செய்தி.

"கீழே உள்ளதில் ஒரு பிழையும் இல்லை என்று என் மகள் சொல்கிறாள். காலையிலிருந்து நீங்கள் சிரித்துக்கொண்டிருக்கும் கார்டைச் செய்தவளும் அவள்தான்."

அதை நான் இரண்டு முறை வாசித்தேன். கார்டைச் செய்தது நான் என்று போடும்படி நான் சொல்லவே இல்லை. அழுதால் பாய் என்ன நினைப்பார் என்று, ஆறிப்போன தேநீரை எடுத்துக் குடித்தேன்.

அதற்குப்பின் குழு பொங்கிவிட்டது. முதல் ஆள் ஐம்பது விநாடியில் கரியைப் பிடித்தார். "அடுப்புக் கரியா, யானையா? இரண்டையும் மீனோடு சேர்ப்பதில்லை." இரண்டாமவர், "வெங்காயத்தைப் பொன்னிறமாக வணங்கவும் என்று உள்ளது. வதக்கவும் என்று இருக்க வேண்டும். பக்தி நல்லதுதான்" என்றார். உப்பு தேவைக்கேற்ப என்று பாய் போனிடம் சொன்னதை, போன் 'உப்பு தேவதைக்கேற்ப' என்று எழுதியிருந்தது. அதை நானே தவறவிட்டிருந்தேன். எந்தத் தேவதை, எந்தக் கோயில் என்று ஒருவர் விசாரித்தார். மசாலாப் பொடியா, மசாலா பொடியா என்று இரண்டு ஆசிரியர்கள் மோதிக்கொண்டார்கள். ஒருவர் இலக்கண விதியை எண் போட்டு எழுதினார், மற்றவர் கோபித்துக்கொண்டு குழுவைவிட்டு வெளியேறினார், வெளியேறியவரைச் சமாதானப்படுத்தி மறுபடி சேர்த்தார்கள்.

நான் ஒவ்வொன்றையும் பாய்க்கு உரக்க வாசித்துக் காட்டினேன். வெங்காயத்தை வணங்கியபோதே அவர் குலுங்க ஆரம்பித்துவிட்டார். தேவதை வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஒருவர், "மீனுக்கு யாராவது சோம்பு போடுவார்களா?" என்று எழுதினார். பாய் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"யாரு அது? எங்க வீட்டுல போடுவோம். எங்க உம்மா போட்டாங்க, அவங்க உம்மா போட்டாங்க. அத அவர்கிட்ட எழுதுங்க!"

அம்மாவுக்கு எழுதினேன், அம்மா அதைக் குழுவில் போட்டார். ஒரு நிமிடத்தில் பதில் வந்தது. "அப்படியானால் பாக்கெட் வந்ததும் வாங்கிச் சமைத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்." அதற்குக் கீழே பதினேழு பேர், எந்தக் கடை, எப்போது வரும் என்று கேட்டிருந்தார்கள். பாய் அந்தப் பதினேழு பேரையும் விரலால் எண்ணினார்.

"நீங்க எத்தன தப்பு புடிச்சீங்க?" என்று கேட்டார்.

"ஒன்பது."

"அவங்க?"

"பதினாலு. அதுல ரெண்டு சண்டை."

பொய் சொல்லி நானும் பதினாலு என்றிருக்கலாம். ஆனால் அன்றைக்கு அம்மா சொன்ன ஒரு பொய்யே போதும் என்று தோன்றியது. பாய் கொஞ்சநேரம் கார்டையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"எட்டு பாக்கெட்டும் நீங்களே பண்ணுங்க" என்றார். "ஆனா ஒரு கண்டிஷன். அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி ஒங்க அம்மாகிட்ட காட்டி, அவங்க ஓகே சொல்லணும். அவங்க போடட்டும் குரூப்ல. ஒங்க சைன் எனக்கு வேணாம், அவங்க சைன் வேணும்."

பதினோரு வருட அனுபவமுள்ள வடிவமைப்பாளருக்கு இது அவமானமா, பெருமையா என்று யோசிக்க நேரமில்லை. சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். பூக்கடைக்கார அக்காவிடம் போய்க் கார்டைத் திரும்பக் கேட்டேன். தரமாட்டேன் என்றுவிட்டார்.

வீட்டுக்கு வந்தபோது மாலை ஆகியிருந்தது. அம்மா சமையலறையில் முறுக்கு பிழிந்துகொண்டிருந்தார். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு சித்தியோடு பேசிக்கொண்டிருந்தார். நான் வந்ததை அவர் பார்க்கவில்லை. வேலை கிடைத்ததும் நான் அம்மாவுக்குச் செய்தி அனுப்பியிருந்தேன், ஒரு கட்டைவிரல் படம் மட்டும் பதிலாக வந்திருந்தது. இப்போது சித்தி அந்தப் பக்கம் என்ன கேட்டாரோ, அம்மா அச்சைச் சுற்றுவதை நிறுத்தினார்.

"இல்லடி, திங்கக்கிழமை வரமாட்டா. அவங்ககிட்ட சொல்லிடு" என்றார். சித்தி நீளமாக ஏதோ சொன்னார். அம்மா எண்ணெயைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "தப்பு பண்ணாத்தான் என்ன? அவ தப்பு பண்ணிப் பண்ணியே பொழச்சுக்குவா. எம் பொண்ண எனக்குத் தெரியாதா?"

நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் குளியலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். வெளியே முறுக்கு எண்ணெயில் விழும் சத்தம் கேட்டது.